மடி வேண்டும், கண் வேண்டாம்

மலேசியாவில், ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதில் உடையப்பனுக்கு டிவி பார்க்கும் வேலை. அவன் மனைவி விமலா அப்படித்தான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள். அவனையே கேட்டால் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சிசிடிவி கண்ட்ரோல் ரூம்" என்பான். எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறை, சுவர் முழுக்கப் பன்னிரண்டு திரைகள், எதிரே சக்கரம் வைத்த நாற்காலி, நாற்காலியில் உடையப்பன். தலைக்கு மேலே ஏர்கான். அதிலிருந்து இறங்கும் காற்று வேறு எங்கும் போகாமல் நேராக அவன் முகத்தில்தான் வந்து அடிக்கும். அவனைப் பெற்றவர்கள் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பிள்ளையோ, அதே ரப்பர் கையுறையாகிப் பெட்டிக்குள் போவதை உட்கார்ந்த இடத்தில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறான். கொசு இல்லை, அட்டை இல்லை, மழை இல்லை. குடும்பத்துக்கு இது முன்னேற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கண்ணுக்கு மட்டும் அது முன்னேற்றமாக அமையவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, உடையப்பன் நீளமாக ஒரு கொட்டாவி விட்ட நேரத்தில், சரக்கு ஏற்றும் வாசலில் நான்கு பெட்டிகள் காணாமல் போயின. மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பதற்கா உனக்குச் சம்பளம் என்று கேட்டுவிட்டார். உடையப்பன் ரோஷக்காரன். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தான்: இனி வேலை நேரத்தில் கண் இமைப்பதில்லை. இமைக்காமல் மனிதன் இருக்க முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் ஒரு தடவை இமைத்துவிட்டால் அடுத்த இமைப்பைத் தள்ளிப்போட முடியும். கடன்காரனிடம் நாளைக்கு வா என்று சொல்வதுபோல உடையப்பன் தள்ளிக்கொண்டே போவான். வாசலில் ஜாகா வேலை பார்க்கும் காவலாளி பத்துமலை, சாப்பாட்டு நேரத்தில் வந்து அவனோடு முறைத்துப் பார்க்கும் போட்டி போடுவார். தோற்றவர் கோப்பி வாங்கித் தர வேண்டும். பதினோரு வருஷத்தில் பத்துமலை ஒரு தடவைகூட ஓசிக் கோப்பி குடித்ததில்லை.

இப்படிப் பதினோரு வருஷம் போனதும் உடையப்பனின் கண்கள் ஒரு தினுசாக ஆகிவிட்டன. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். மத்தியானம் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். சாயங்காலம் இரண்டு கண்ணும் சிவந்து, ஓரத்திலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டும். அவன் சட்டைக் கையால் துடைப்பான், தேய்ப்பான், மறுபடி தேய்ப்பான். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவக்கும். பார்க்கிறவர்களுக்கு, ஒன்று இவன் குடித்திருக்கிறான், இல்லை யாரையோ கொல்லப் போகிறான் என்றுதான் தோன்றும். இரண்டும் இல்லை. அவன் பொட்டு பீர்கூடத் தொடாதவன், பல்லியைக்கூடக் கும்பிட்டு வெளியே அனுப்புகிறவன்.

வம்பு தங்கையின் கல்யாணத்தில் ஆரம்பித்தது. தங்கை தினேஸ்வரியை, அவன் பிறந்த தோட்டம் இருந்த அதே சிலிம் ரிவர் பக்கத்திலேயே கோகிலன் என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். தோட்டம் போய், தொழிலாளர் லயங்கள் போய், இப்போது அங்கே வரிசை வீடுகள். ஈப்போவில் மண்டபம் எடுத்துத் தடபுடலாகக் கல்யாணம். மேடைக்கு முன்னால் பத்தடி உயரத்தில் ரோஜாப்பூ வளைவு. வேலை முடிந்து தூங்காமல் ஓடி வந்த உடையப்பன், சிவந்த கண்ணில் தண்ணீர் வழிய வளைவுக்கு எதிரே நின்று, "அடேங்கப்பா! செமையா இருக்குலா!" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை. வளைவு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, வீடியோ எடுத்தவரைத் தழுவிக்கொண்டு கீழே விழுந்தது.

வளைவின் காலில் வைக்க வேண்டிய மணல் மூட்டைகள் வேனிலேயே தங்கிவிட்டன என்று அலங்காரம் செய்தவர் பிறகு ஒப்புக்கொண்டார். யார் கேட்டார்கள்? மாப்பிள்ளையின் தாய் செல்லாயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்தது சிவந்த கண்ணை, அதற்கப்புறம் விழுந்த வளைவை. நடுவில் மணல் மூட்டைக்கு இடமே இல்லை. போதாததற்கு, தலைத் தீபாவளிக்குச் சீர் கொண்டுபோன உடையப்பன், செல்லாயி வீட்டுப் பின்புறத்தில் பலாபோல் காய்க்கும் சம்பேடாக் மரத்தை அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு காய் அத்தை!" என்று வியந்துவிட்டு வந்தான். மறுவாரம் காற்றடித்துப் பெரிய கிளை முறிந்தது. அன்றோடு செல்லாயி தீர்மானித்துவிட்டாள். உடையப்பன் ஆள் தங்கம், ஆனால் கண் பொல்லாத கண்.

பிறகு தினேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. லோஷினி என்று பேர் வைத்தார்கள். முப்பதாம் நாள், அந்தப் பேர் வைக்கும் விசேஷத்துக்குத் தாய்மாமன் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு சாக்கிட் மாத்தாவாம், கண்ணுநோவு பிள்ளைக்கு ஒட்டிக்கும்னு அத்தை சொல்றாங்க. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் வாங்கண்ணே."

"பச்சப் பிள்ளைல்ல, அத்தை சொல்றது சரிதான்" என்றான் உடையப்பன். பிள்ளைக்கு வாங்கிய கொலுசைக் கூரியரில் அனுப்பினான்.

அந்தக் கொஞ்ச நாள் ஆறு மாதமாக நீண்டது. தினேஸ்வரி வாட்ஸாப்பில் படம் அனுப்புவாள். குழந்தையின் காலிருக்கும், கையிருக்கும், தொந்தியிருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கரடிப் பொம்மை சிரித்துக்கொண்டிருக்கும். கண் பட்டுவிடக் கூடாதாம். வீடியோ கால் போட்டால் கேமரா கூரையில் சுற்றும் ஃபேனைக் காட்டும், குழந்தையின் மழலை மட்டும் எங்கிருந்தோ கேட்கும். உடையப்பன் அந்த ஃபேனைப் பார்த்து, "அம்மாடி, மாமா பேசுறேன்டா, சாப்டியா?" என்று கொஞ்சுவான். விமலா பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவன் கண் என்று செல்லாயி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் காதில் விழாதா என்ன? விமலாவுக்கு விழுந்தது. அவனுக்கும் விழுந்தது.

ஏழாம் மாதம் காதுகுத்துக்கு நாள் பார்த்தார்கள். இங்கேதான் செல்லாயிக்கே சிக்கல் வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். முறையை விட்டுக்கொடுக்கிற ஆள் செல்லாயி இல்லை. கண்ணை உள்ளே விடுகிற ஆளும் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவளே பேசினாள்.

"தம்பி, மடி உங்க மடிதான். அத யாரும் இல்லேங்கல. அந்தக் கண்ணுதான் வேணாம். கறுப்புக் கண்ணாடி ஒண்ணப் போட்டு, அதுக்கு மேல ஒரு துண்டையும் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்கன்னா…"

"அத்தை, என்னைய யாரோ கடத்திக் கொண்டாந்த மாதிரி இருக்கும்லா!"

"அப்ப கண்ணு தெளியட்டும். காதுகுத்து அன்னிக்குக் காலையில நானே பாப்பேன். செவப்பும் தண்ணியும் இருந்துச்சுன்னா சுகுமாரன் தம்பி உக்காரட்டும். அதுவும் அண்ணன் முறைதானே?"

சுகுமாரன், உடையப்பனின் சித்தப்பா மகன். பாரிட் புந்தாரில் இருக்கிறான். பெரிய, வெள்ளை வெளேரென்ற கண்கள் அவனுக்கு. செய்தி போன மறுநாளே ஊதா நிறத்தில் பட்டு ஜிப்பா தைத்து, அதைப் போட்டு நின்று படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் ஏற்றிவிட்டான். "கூப்பிட்டா வந்து உக்காருவேன், நமக்கு என்ன பிகு" என்று கீழே எழுதியிருந்தான். உடையப்பன் அந்தப் படத்தைப் பார்த்த பார்வையில் ஜிப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதே, செல்லாயியின் கட்சி தப்பு என்பதற்கு அத்தாட்சி.

இருந்தது ஆறு வாரம். முதல் இரண்டு வாரத்தை வீட்டு வைத்தியத்தில் தொலைத்தார்கள். விமலா வெள்ளரிக்காய் வெட்டி வைத்தாள். கண் குளிர்ந்தது, எடுத்ததும் பழையபடி எரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று இவனே விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டான். அன்றைக்குப் பன்னிரண்டு திரைகள் இருபத்துநாலாகத் தெரிந்தன, இரண்டு லாரிக்கு நான்கு லாரி என்று எழுதிவைத்தான். பத்துமலை தன் மாமியாரின் கண் ஆப்பரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாக்கியிருக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தார். திறந்து எட்டு மாதமான புட்டி. அதை விட்ட மறுநாள் காலையில் வலது கண் திறக்கவே இல்லை. பத்துமலை சளைக்காமல், "அப்ப தாய்ப்பால்தான்லா. ரெண்டே சொட்டு" என்றார்.

"அண்ணே, நான் அத யாரு வீட்டுல போயி கேக்கிறது? கேட்டா கண்ணு மட்டுமில்ல, பல்லும் போயிரும்!"

அன்றே விமலா அவனை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு கண்ணாடிக் கடையின் உள்ளறையில் கண் பரிசோதிக்கும் அனுஜா இருந்தாள். முப்பது வயசு இருக்கும், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், அளந்துதான் பேசுவாள். முதல் வார்த்தையிலேயே, "இருங்க அங்கிள்" என்று நாற்பத்துநாலு வயசு உடையப்பனைப் புண்படுத்தினாள். முதலில் யாரோ போட்ட பழைய மருந்தின் கதையைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் விடவே கூடாது, திறந்த புட்டியை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது, அதில் கிருமி குடியேறிவிடும் என்றாள். வீங்கிய கண்ணை டாக்டரிடம் காட்டி ஆறவைத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஐந்து நாள் கழித்து மறுபடி போனார்கள்.

இந்தத் தடவை மஞ்சளாக ஒரு சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கை வைத்துக்கொண்டு, "இப்ப இமைக்காம இருங்க, பாப்பம்" என்றாள்.

உடையப்பனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்த பெண் அவன் திறமையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறாள். காட்டினான். பத்து விநாடி, இருபது, நாற்பது. கன்னத்தில் மஞ்சள் ஆறு ஓடியது.

"போதும், போதும்! அங்கிள், இது போட்டி இல்ல!"

விளக்கை அணைத்துவிட்டு அவள் சொன்னாள்: "உங்கட கண்ணு காஞ்சு போயிருக்கு."

உடையப்பன் விமலாவைப் பார்த்தான். விமலா மேசையைப் பார்த்தாள். மேசையில் அவன் கண்ணிலிருந்து விழுந்த தண்ணீர் குட்டையாக நின்றது.

"தங்கச்சி, இது என்னது?" என்றான் அந்தக் குட்டையைக் காட்டி. "இவ்வளவு தண்ணி ஊத்துது, காஞ்சு போச்சுங்கிறீங்களே! கைத்துண்டு பிழிஞ்சா ரோஜாச் செடிக்கு ஊத்தலாம்லா!"

அனுஜா சிரிக்காமல் விளக்கினாள். கண்ணின் மேல் எப்போதும் மெல்லிசாக ஈரம் நிற்க வேண்டும். அந்த ஈரம் காயாமல் இருக்க மேலே பொட்டு எண்ணெய். இமையின் விளிம்பில் இருக்கும் குட்டிக் குட்டி வாய்கள்தான் அந்த எண்ணெயை விடும். நாம் இமைக்கும்போதுதான் அது கண் முழுக்கப் பரவும். இமைக்காமல் காற்றில் விழித்துக்கொண்டே இருந்தால் ஈரம் காயும், எண்ணெய் வாய் அடைத்துக்கொள்ளும், கண் எரியும். எரிந்ததும் கண்ணுக்குப் பயம் வந்துவிடும். "கண்ணுல நிக்கிற தண்ணி வேற, பதறிப்போய் ஊத்துற தண்ணி வேற அங்கிள். ஊத்துறது நிக்காது, வழிஞ்சு கீழ போயிடும். எத்தின வருஷமா இப்படி இமைக்காம இருக்கிறீங்க?"

"பதினோரு வருசம்" என்றான் உடையப்பன். இதுவரை பெருமையோடு சொல்லி வந்த கணக்கை முதல்முறையாக வெட்கத்தோடு சொன்னான்.

கண்ணில் தண்ணீர் வர வேறு காரணங்களும் உண்டு, தூசி ஒவ்வாமை, உள்ளே மடிந்த இமைமுடி, தண்ணீர் வடிகிற வழி அடைப்பு என்று. உங்களுக்கு அதெல்லாம் இல்லை என்றாள். ஒட்டுகிற கண்நோவும் இது இல்லை. ஒட்டுகிற நோவுகூடப் பார்வையால் ஒட்டாது, கையாலும் துண்டாலும்தான் ஒட்டும். வலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ ஒருநாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும் என்றாள். விமலா வெளியே கண்ணாடிச் சட்டங்களை விலை விசாரிக்கப் போன நேரம் பார்த்து, உடையப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கிறேன், சிரிக்காதீங்க. இந்தக் கண்ணால பாத்தா… எதுக்காச்சும் எதாச்சும் ஆகுமா?"

அனுஜா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்கட கண்ணு உங்களைத் தவிர ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யல்ல, அங்கிள்."

நல்ல பதில். ஆனால் ரோஜா வளைவை அவள் பார்த்ததில்லையே என்று அவனுக்கு மனசுக்குள் ஒரு நெருடல் இருந்தது.

மிச்ச நாட்களில் உடையப்பன் செய்த பராமரிப்பை ஒரு பெண் தன் முதல் பிள்ளைக்குச் செய்திருப்பாளா என்பது சந்தேகம். காலையும் மாலையும் சுத்தமான துணியைச் சூடு பொறுக்கும் அளவு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் பத்து நிமிஷம் வைப்பான். ஆறினால் விமலா மாற்றித் தருவாள். பிறகு கையைக் கழுவிவிட்டு இமையை விளிம்பு நோக்கி விரலால் மெதுவாக நீவுவான். அனுஜா கொடுத்த கண்ணீர்ச் சொட்டு மருந்தை விடுவான். கண்ணைத் தேய்க்கக் கை அரிக்கும், ஆனால் தேய்க்க மாட்டான். ஒருநாள் மறந்து கையைத் தூக்கியபோது விமலா அகப்பையால் போட்டாள். தொழிற்சாலையில் கையுறைப் பெட்டி அட்டையை வெட்டி ஏர்கான் வாயில் ஒட்டிக் காற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் அடிக்கும். உடனே திரையை விட்டுக் கண்ணை எடுத்து, கதவு வழியே தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்து, இரண்டு கண்ணையும் முழுசாக மூடி முழுசாகத் திறந்து பத்துத் தடவை இமைக்க வேண்டும்.

அலாரம் இடம் பார்த்து அடிக்குமா? கேண்டீனில் சோறு வாங்க நிற்கும்போது அடித்தது. உடையப்பன் கடமை தவறாதவன். நின்ற இடத்திலேயே, சோறு போடும் மக்சிக்கை, அந்த மலாய் அத்தையை, நேராகப் பார்த்துக்கொண்டு, மெதுவாகவும் ஆழமாகவும் பத்துத் தடவை இமைத்தான். அந்தம்மாள் ஒரு கணம் திகைத்து, அப்புறம் தட்டில் கூடுதலாக ஒரு மீனை வைத்தாள். விஷயம் எப்படியோ விமலா காதுக்குப் போய்விட்டது. மூன்று நாள் வீட்டில் மீனே சமைக்கவில்லை. முறைக்கும் போட்டியில் பத்துமலை முதல்முறையாக ஜெயித்து, ஓசிக் கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை ஊதி ஊதிக் குடித்தார்.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கையில், உறுத்தல் குறைந்து சிவப்பும் வடிந்து, கண்ணாடியில் பார்த்தால் தனக்கே அடையாளம் தெரியாத ஒரு முகமாக உடையப்பன் ஆகியிருந்தான். அன்றைக்குத்தான் தினேஸ்வரி அழுதுகொண்டே போன் செய்தாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு இடது கண்ணுல தண்ணியாவே வருதுண்ணே. பொறந்ததுலேருந்து இருக்கு, நான்தான் சொல்லல. காலையில பீளை கட்டிக்குது. அத்தை… அத்தை நீங்க வீடியோ கால்ல பாத்ததுதான்னு சொல்றாங்க."

பின்னாலிருந்து செல்லாயியின் குரல் தெளிவாகவே கேட்டது. "பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

"அத்தை, எங்கண்ணன் ஃபேனைத்தானே பாத்தாரு!"

"அதான் சொல்றேன், ஃபேனும் ரெண்டு நாளா கடகடன்னு சத்தம் போடுது!"

உடையப்பன் அன்று சிரிக்கவில்லை. குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லி, பீளையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொல்லி, வேறு எதையும் கண்ணில் விடாதே என்றும் சொல்லிப் போனை வைத்தான். மறுநாள் கிளினிக் டாக்டர் பார்த்தார். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது முழுசாகத் திறந்திருக்காது, அநேகமாக ஒரு வயசுக்குள் தானே திறந்துகொள்ளும், மூக்கோரத்தில் சுத்தமான விரலால் மேலிருந்து கீழாக நீவி விடுங்கள், சிவந்து வீங்கினால் உடனே வாருங்கள் என்றார். செல்லாயி அதை நம்பவில்லை. நம்பாமலேயே தினமும் நாலு வேளை கை கழுவிக்கொண்டு வந்து பேத்திக்கு நீவி விட்டாள், வேறு யாரையும் தொட விடவில்லை. நாலைந்து நாளில் பீளை குறைந்தது. அதைப் பற்றியும் அவள் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் உடையப்பன் மாறிவிட்டான். கண் தெளிந்த நேரம் பார்த்து அவனுக்குள்ளே பயம் புகுந்துகொண்டது. சந்தையில் யாராவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தால் பக்கத்து வரிசைக்குப் போய் வெங்காயம் பார்ப்பான். யாராவது புதுச் சட்டையைக் காட்டினால் குனிந்து அவர்கள் செருப்பைப் பார்த்து நல்லாயிருக்கு என்பான். ஒருவேளை நம் கண்ணில் நிஜமாகவே ஏதோ இருக்கிறதோ? இந்த எண்ணம் அவனைத் தின்றது. பாவம், கண்ணுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

காதுகுத்து நாள். வரிசை வீடுகளைத் தாண்டிப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில், இப்போது சுற்றிலும் எண்ணெய்ப்பனை. வாசலிலேயே செல்லாயி நின்றாள், கையில் போன். பக்கத்தில் ஊதா ஜிப்பாவில் சுகுமாரன், தலைக்கு எண்ணெய் தடவி வழவழவென்று.

"தம்பி, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்று செல்லாயி போனின் டார்ச்சைப் போட்டு உடையப்பனின் கண்ணுக்கு நாலு விரற்கடையில் பிடித்தாள். முழு வெளிச்சம். உடையப்பன் இமைத்தான், மறுபடி இமைத்தான். வலது கண்ணோரம் ஒரு சொட்டு திரண்டது.

"தண்ணி!" என்றான் சுகுமாரன்.

"டார்ச்ச இவ்வளவு கிட்டப் புடிச்சா கல்லுக்கும் தண்ணி வரும்லா!" என்று விமலா சீறினாள். "எங்க, உங்க கண்ணுல அடிச்சுப் பாக்கட்டுமா?"

அந்த நேரம் பார்த்துப் பூசாரி கோயிலுக்குள் ஓமத்தில் ஈர மட்டையை வைத்துவிட்டார். புகை திரண்டு உருண்டு வாசல் வழியே வந்தது. நின்றவர்கள் எல்லாரும் இருமினார்கள். சுகுமாரனின் வெள்ளைக் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகி ஜிப்பாவின் மார்பு நனைந்தது. பூசாரிக்கு வழிந்தது, கோகிலனுக்கு வழிந்தது, காது குத்த வந்த ஆசாரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செல்லாயிக்கு எதிரே எதுவுமே தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் கண் தெளிவாக இருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அவன் புகையைக் கண்டதும் அனுஜா சொல்லிக் கொடுத்தபடி வெளியே காற்றுப் பக்கம் நகர்ந்து நின்றிருந்தான்.

செல்லாயி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தாள். நாற்பது ஜோடிச் சிவந்த கண்கள். தெளிந்தது உடையப்பனுடையது மட்டும். இனி எதைச் சொல்லி அவனைத் தள்ளுவாள்?

"சரி, சரி" என்றாள் சலிப்போடு. "நீங்களே உக்காருங்க தம்பி."

புகை அடங்கியதும் மண்டபத்தில் மணை போட்டார்கள். உடையப்பன் உட்கார்ந்தான். தினேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள். ஏழு மாதம் காத்திருந்த மனிதன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

குழந்தை மடியில் நெளிந்தது. அவன் இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்திருந்தான், கண்ணை மட்டும் திறக்கவில்லை. ஆசாரி ஊசியை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார்.

"என்னாங்க இது? பிள்ளை தலைய நீங்கதானே அசையாமப் புடிக்கணும். கண்ண மூடிக்கிட்டு உக்காந்தா நான் எங்க குத்துறது?"

"அண்ணே, கண்ணத் தெறங்க" என்றாள் தினேஸ்வரி.

"வேணாம்மா. மடி போதும். பிள்ளை நல்லாயிருக்கட்டும். நான் பாத்து அதுக்கு எதாச்சும் ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

எல்லாரும் செல்லாயியைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிறுத்துவிட்டது. தான் சொன்ன பேச்சு ஒரு மனிதனுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முட்டி வலியையும் பாராமல் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, கண்ணத் தொறங்க."

அவன் தலையாட்டினான்.

"நான்தானே சொன்னேன்? இப்பவும் நான்தான் சொல்றேன். உங்க மருமகள நீங்க பாக்காம வேற யாரு பாக்கிறது? தொறந்து கண்ணு நெறையப் பாருங்க தம்பி."

உடையப்பன் முதலில் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதை. மடியில் கரடி இல்லை. உருண்டை முகம், மொட்டைத் தலை, இரண்டே இரண்டு கீழ்ப்பல், இடது கண்ணோரம் லேசான ஈரம், அவன் அம்மாவுக்கு இருந்த அதே சப்பை மூக்கு. குழந்தை அவனை அண்ணாந்து பார்த்தது. அவனும் பார்த்தான். இவ்வளவு அழகாக இருப்பாள் என்று அவனுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே.

லோஷினி மெதுவாகக் கையை நீட்டினாள். பிஞ்சு ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, நிதானமாகக் குறி பார்த்து, மாமனின் வலது கண்ணில் நேராகக் குத்தினாள்.

"அம்மா!" என்று அலறினான் உடையப்பன். குழந்தை கெக்கலி கொட்டிச் சிரித்தது. அவன் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. கொட்டக் கொட்ட அவன் சிரித்துக்கொண்டிருந்தான், தேய்க்கக் கூடாது என்பதால் இரண்டு கையாலும் மருமகளையே கட்டிப் பிடித்துக்கொண்டு.

"ஐயையோ, தம்பி கண்ணு!" என்று செல்லாயி பதறி எழுந்தாள். "யாரு கண்ணு பட்டுச்சோ தெரியலையே! நேத்துதான் தெளிஞ்ச கண்ணு!"

கோயில் மடைப்பள்ளிக்கு ஓடி ஒரு கை உப்பும் மூன்று மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவனைத்தான் முதலில் சுற்றினாள், பிள்ளையை அப்புறம்தான்.